மாதாவின் மூலையில் ஒரு லேப்டாப்

என் கொழுந்தன் ஒரு லேப்டாப்புக்காக மாதாவை இடம் மாற்றினான். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிறேன் என்று தினமும் செபத்தில் வாய் சொல்கிறது. உள்ளே இருப்பது அசைய மாட்டேன் என்கிறது.

எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற மூலையில்தான் மாதா சுரூபம் இருந்தது. நான் கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான். என் வீட்டுக்காரருடைய தம்பிக்கு வயது முப்பத்தைந்து. இன்னும் கலியாணம் முடிக்கவில்லை, எங்களோடுதான் இருக்கிறான். முன்பு ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் இருந்தான். அங்கே மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு வந்து, இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போகிறேன் என்று ஒரு பெரிய மேசையை வாங்கி வந்தான். நல்ல பிளக் பாயிண்ட் அந்த மூலையில்தான் இருக்கிறதாம். நெட் வயரும் அந்த ஜன்னல் வழியாகத்தான் வருகிறதாம். நான் காலைப் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் மாதாவை எடுத்து, அடுப்படிக்கும் பின்வாசலுக்கும் நடுவில் இருக்கிற நடையில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்துவிட்டான். பக்கத்தில் கேஸ் சிலிண்டர்.

"ஏலே, யாரைக் கேட்டு எடுத்த?"

"மாதாவைத்தான் கேட்டேன் மைனி. சரின்னுட்டாவ."

அன்றோடு அவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினேன். சோறு போடுவேன், துணி மடித்து வைப்பேன். பேச்சு மட்டும் என் வீட்டுக்காரர் வழியாகத்தான் போகும். "ஒங்க தம்பிட்ட சொல்லுங்க, மீன் கொழம்பு ஆறுது." அவன் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பான். "அண்ணே, பசிக்கலன்னு சொல்லு." என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "அங்கன கன்டெய்னரைத் தூக்கி வைக்கேன், இங்கன ஒங்க ரெண்டு பேரு பேச்சையும் தூக்கி வைக்கேன். எனக்கு ரெண்டு ஷிப்டு" என்பார்.

அந்த லேப்டாப்பைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அம்மிக் குழவி கனம். அதன் சார்ஜரைத் தூக்கி எறிந்தால் ஆள் விழுந்துவிடுவான். ஆபீசில் கடிதம் அடிக்கிற சாமான் இல்லை, வொர்க்ஸ்டேஷன் என்று அவன் நூறு தடவை சொல்லியிருக்கிறான். துறைமுகத்தில் கப்பல் வருகிற வழியை ஆழப்படுத்துகிறார்கள் அல்லவா, மண் எடுப்பதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு போட் போய்க் கடலின் அடியை அளந்துகொண்டு வரும். அந்த அளவெல்லாம் கோடிக்கணக்கான புள்ளி. அதை இவன் உள்ளே போட்டு, மேடும் பள்ளமுமாகக் கலர் கலராகக் கடலடியைப் படமாக்கிக் கொடுப்பான். எங்கள் ஆட்கள் முத்துக்கும் சங்குக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கையால் தடவிப் பார்த்த தரையை, இவன் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பார்க்கிறான். அதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. எங்கள் தெருவில் எவனுக்கும் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, தனக்குத்தான் தெரியும் என்று பேசுவான்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்தது இதுதான்: எங்கள் வீட்டில் வள்ளத்துக்கும் வலைக்கும் சாம்பிராணி காட்டாமல் கடலில் இறக்க மாட்டார்கள். சோறு போடுகிற சாமானுக்குப் புகை காட்ட வேண்டும். அது என் அப்பா செய்தது, என் அண்ணன்மார் இன்றும் செய்வது. மாதாவை நடைக்குத் துரத்தினாலும் அந்த மூலை மாதாவின் மூலைதான் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவன் தெருமுனைக் கடைக்கு டீ குடிக்கப் போவான். லேப்டாப்பை நிறுத்த மாட்டான். ஏதோ கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதன் ஃபேன் இட்லிக் கொப்பரை மாதிரி இரைந்துகொண்டு இருக்கும். நான் சட்டியில் சிரட்டைக் கரியைப் பற்றவைத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, முதலில் நடையில் மாதாவுக்குக் காட்டிவிட்டு, நேராக அந்த மேசைக்குப் போவேன். சட்டியை மேசையோரம் வைத்து, செபமாலையில் பத்து மணியை உருட்டிச் செபம் சொல்லும் வரைக்கும் நிற்பேன். புகை மேலே போகாது. வளைந்து, லேப்டாப்பின் அடிக்குள் சரசரவென்று போகும். அதைப் பார்க்க எனக்கு மனம் குளிர்ந்துவிடும். இவன் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் இவன் சாமான் ஏற்றுக்கொள்கிறதே என்று நினைத்தேன்.

இப்படி ஏழு மாதம். ஒரு நாள் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் லேப்டாப் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. முதலில் படம் அசையாமல் நின்றது. பிறகு கணக்கு பாதி ஓடும்போதே பொட்டென்று அணைந்துபோனது. தரவு பெரியது, மெமரி போதவில்லை என்றான் அண்ணனிடம். ஆன்லைனில் ரேம் வரவழைத்தான், புது எஸ்.எஸ்.டி.யும் வரவழைத்தான். சாப்பாட்டு மேசையில் என் பெட்ஷீட்டை விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி உட்கார்ந்தான். ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் அடியில் தனியாக ஒரு சின்ன மூடி. அதை மட்டும் திறந்து, பழையதை எடுத்துப் புதியதை மாட்டி, மூடிவிட்டான். உள்ளே வேறு எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லை.

"அண்ணே, இப்ப டபுள் மெமரி. இனி பறக்கும் பாரு."

பறக்கவில்லை. முன்பு ஒரு மணி நேரம் ஓடி அணைந்தது, இப்போது இருபதே நிமிடத்தில் அணைந்தது. விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டான். டிரைவரை மாற்றினான். ஸ்டாண்ட் வாங்கித் தூக்கி வைத்தான். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், கொஞ்சம் பட்டேன். அதோடு சாயங்காலம் சாம்பிராணியை ஒரு கை கூட்டியும் போட்டேன். பாவம், சாமானுக்கு என்னவோ கண்ணூறு என்று.

அந்த வியாழக்கிழமை கான்டிராக்ட்காரர் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் படம் வர வேண்டும், வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடவும் மாட்டோம் என்றார். இது போனால் அவனுக்கு வேறு வேலை கிடையாது. இந்த ஊரில் எல்லா ஆபீசிலும் சண்டை போட்டு முடித்தவன்.

போனை வைத்துவிட்டு எழுந்து நேராக அடுப்படிக்கு வந்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"மைனி, உண்மையைச் சொல்லுங்க. தீர்த்தம் தெளிச்சியளா?"

"என்ன தீர்த்தம்?"

"கோயில்ல இருந்து பாட்டில்ல புடிச்சிட்டு வருவியள்லா, அதான். வாசல்படி, கட்டிலு, ஃபிரிட்ஜு எல்லாத்துக்கும் தெளிக்கிய. இதுக்கும் ரெண்டு சொட்டு விட்டியளான்னு கேக்கேன்."

"ஒந்தலையில தெளிச்சிருக்கணும். புத்தியாவது வந்திருக்கும்."

"அப்ப தெளிச்சிருக்கிய."

"ஏலே, நாக்கை அடக்கிப் பேசு. ஒனக்கு ஓட்டத் தெரியல, பழியை எங்கன போடலாம்னு பாக்க."

"எனக்கு ஓட்டத் தெரியலயா? அந்த மேசையை நான் போட்ட நாள்ல இருந்து நீங்க அதை ஒரு நாளு நல்ல கண்ணால பாத்தியளா? ஒங்க வயித்தெரிச்சல்தான் மைனி அதுக்குள்ள போயி உக்காந்திருக்கு."

நேரே நடைக்குப் போய் மாதாவின் பாதத்தில் கையை வைத்தேன். "மாதா சாட்சியா சொல்லுதேன். என்னால அந்த மிஷினுக்கு ஒரு கெடுதலும் வரல. வந்திருந்தா இந்தக் கை வெளங்காமப் போவட்டும்."

அவன் சிரித்தான். "கையை வச்சிக்கிடுங்க. சனிக்கிழமைக்குப் பெறவு இந்த வீட்டுல சம்பாதிக்க அண்ணன் கை ஒண்ணுதான் இருக்கும்."

மறுநாள் காலை ரிப்பேர் கடைக்குக் கிளம்பினான். என் வீட்டுக்காரர் காலை ஷிப்டு. நானும் சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். கடைக்காரன் என்ன சொன்னாலும், இவன் வந்து மைனிதான் கெடுத்தாள் என்று மாற்றிச் சொல்வான். திறக்கும்போது நான் கண்ணால் பார்க்க வேண்டும். பையை என் மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். துறைமுகம் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. அவன் நடுவில் புகுந்து புகுந்து போனான்.

"பையை இறுக்கிப் புடிங்க. மாதா சுரூபம்னு நெனச்சிக்கிடுங்க."

"பயப்படாத. நான் எதையும் கேஸ் சிலிண்டர் பக்கத்துல வைக்கிற ஆளு இல்ல."

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தினான்.

கடைக்கார அண்ணாச்சி சாத்தான்குளம் பக்கத்து ஆள். நெற்றி நிறைய விபூதி, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடி. கொழுந்தன் நின்றபடியே தன் கடலடிப் பட வேலையையும், ரேம், எஸ்.எஸ்.டி., விண்டோஸ் என்று தான் செய்ததையும் ஒப்பித்தான். அண்ணாச்சி காது கொடுத்த மாதிரியே தெரியவில்லை. ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பழைய பல்பொடி டப்பாவின் மூடியில் போட்டார். இவன் திறந்த சின்ன மூடியை விட்டுவிட்டு, அடிப்பாகம் முழுவதையும் தூக்கினார். தூக்கியவர் நின்றுவிட்டார். மூக்கை உள்ளே கொண்டுபோனார்.

"தம்பி, இது லேப்டாப்பா, கோயிலா?"

"ஏன் அண்ணாச்சி?"

"சாம்பிராணில்லா மணக்கு."

அண்ணாச்சி ஒரு செம்புத் துண்டைக் கழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சீப்பு மாதிரி நெருக்கமாகத் தகடுகள் இருக்க வேண்டிய இடம். அந்த ஹீட் சிங்க் வழியாகத்தான் சூடு வெளியே போக வேண்டுமாம். ஒரு தகடும் தெரியவில்லை. கருப்பட்டிப் பாகு ஆறி உறைந்த மாதிரி கறுப்பாக ஒன்று அடைத்திருந்தது. விரலால் தொட்டுக் காட்டினார், ஒட்டிக்கொண்டு நூலாக வந்தது.

"தூசின்னா ஊதுனா போயிரும். இது பிசினு. பிசின் மேல ஒங்க கடக்கரை உப்பு, உப்பு மேல தூசி. மூச்சு விட ஓட்டை இல்ல. சூடு ஏறி ஏறி தன்னால அணைஞ்சிருக்கு. ஒரு ஃபேன் செத்தே போச்சு. யாருப்பா இதுக்கு தெனம் பூசை போட்டது?"

நான் என் வலது கையைப் பார்த்தேன். அது விளங்கித்தான் இருந்தது.

கொழுந்தன் மெதுவாகத் திரும்பினான். பொய் சொல்ல எனக்கு இடம் இருந்தது. வீடு முழுக்கத்தான் புகை போடுகிறோம், தானாகப் போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். முந்தின நாள் மாதாவின் காலில் வைத்த கை. அதற்கு மேல் ஒரு பொய்யைத் தாங்காது.

"நான்தான். தெனம் சாயங்காலம் நீ டீக்குப் போவும்போது போட்டேன். சட்டியைப் பக்கத்துல வச்சிப் போட்டேன்."

"எட்டு மாசமாவா?"

"எட்டு மாசமா."

"நேத்து என்ன சத்தியம் பண்ணுனிய?"

"கெடுதல் நெனச்சிப் போடல. எங்க வீட்டுல வள்ளத்துக்குப் போடுவோம். இது ஒன் வள்ளம்னு நெனச்சேன்."

அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். "வள்ளத்துக்கு ஃபேன் கெடையாது தாயி."

"நீங்க நெனச்சுப் போட்டா என்ன, நெனைக்காமப் போட்டா என்ன?" கொழுந்தன் கத்தினான். பக்கத்துக் கடையில் செருப்பு தைக்கிறவர் எட்டிப் பார்த்தார். "எம் பொழப்பையே பொகை போட்டுக் கொன்னுட்டிய! கொன்னுட்டு சத்தியம் வேற!"

"கத்தாதேயும்" என்றார் அண்ணாச்சி. "அந்த அம்மா அடைச்சாவ, சரி. நீரு என்ன செஞ்சீரு? மூச்சு முட்டிக் கெடக்கவன் தலையில இன்னும் ரெண்டு மூட்டையை ஏத்துனீரு. மெமரி கூடினா வேலை கூடும், வேலை கூடினா சூடு கூடும். சூடு எத்தனைன்னு ஒரு நாளாவது பாத்தீரா?"

"பாத்தேன். நூறு டிகிரி பக்கத்துல காட்டுச்சு. தூத்துக்குடி வெயிலுன்னு நெனச்சேன்."

"வெயிலு! கடலுக்கு அடியில என்ன கெடக்குன்னு பாக்கத் தெரியுதாம், கை சாமானுக்கு அடியில பாக்கத் தெரியல."

நான் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது இனிக்கவில்லை.

அண்ணாச்சி ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தார். பஞ்சு பஞ்சாகக் கறுப்பு வந்தது. ஒவ்வொரு பஞ்சையும் என் பக்கமாகவே தள்ளி வைத்தார், வேண்டுமென்றுதான். காய்ந்துபோன பேஸ்டைச் சுரண்டிப் புதுசு தடவினார். ஒரு ஃபேன் உயிர் வந்து சுற்றியது. மற்றது மதுரையிலிருந்து வர வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆகும் என்றார்.

"நாளைக்கு மத்தியானம் அண்ணாச்சி, அதுக்குள்ள அஞ்சு மணி நேரம் ஓடணும்" என்றான் கொழுந்தன். குரல் இறங்கிப்போயிருந்தது.

"அடி மூடியைப் போடாம, தூக்கி வச்சி, டேபிள் ஃபேனை நேரே வச்சி ஓட்டும். வீட்டுல ஏ.சி. உண்டா?"

"இல்ல."

"அப்பம் வீட்டுல எங்கன நல்ல காத்து ஓடுதோ அங்கன வையும். சூட்டைப் பாத்துக்கிட்டே இரும். தொண்ணூறைத் தாண்டுச்சுன்னா கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி விடும்."

வீட்டில் காற்று எங்கே ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் நாற்காலியில் இருக்கிறவன். எனக்குத் தெரியும். முன்னறை மேற்குப் பார்த்தது, மத்தியானத்துக்கு மேல் அடுப்பு. பின்வாசலைத் திறந்தால் கடல்காற்று நடை வழியாகத்தான் அடுப்படிக்கு வரும். மாதா எட்டு மாதமாக நின்றாளே, அந்த இடம்.

வீட்டுக்கு வந்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. சிலிண்டரை அடுப்படிக்கு உருட்டினேன். ஸ்டூலிலிருந்து மாதாவைத் தூக்கினேன். தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய், அவனுடைய பெரிய மேசையின் மேல், பழைய மூலையில் வைத்தேன். அவன் லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

"நடையில வை. மிக்ஸி பிளக்குல சொருவு. காத்து அங்கனதான் வருது."

அவனுக்குப் பதில் பேச நேரம் இல்லை. பன்னிரண்டரைக்குக் கணக்கை ஓடவிட்டான். ஸ்டூலின் மேல் வயிற்றைத் திறந்து வைத்த மாதிரி லேப்டாப், எதிரே டேபிள் ஃபேன், பக்கத்தில் தரையில் அவன். சூடு எவ்வளவு என்று திரையின் ஓரத்தில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அனல் அந்தப் பக்கம் போகக் கூடாதே என்று. பழைய சோறும் துவையலும் கொண்டுபோய் வைத்தேன்.

"இதுலயும் சாம்பிராணி போட்டிருக்கியளா?"

"வெசம் போட்டிருக்கேன். தின்னு."

தின்றான்.

ஐந்தரைக்கு அவன் டீக்குப் போகவில்லை. என் கை தன்னால் சட்டியைத் தேடியது. சட்டியை எடுத்துப் பரணில் போட்டேன். முன்னறையில் ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றிச் செபமாலையைத் தொடங்கினேன். படம் முடிய வேண்டும் என்றுதான் வேண்டினேன். அவனுக்காக என்று சொல்ல வாய் வரவில்லை, வேலைக்காக என்று சொல்லிக்கொண்டேன். நான் ஒரு மணியை உருட்டி முடிக்கும்போதெல்லாம் நடையிலிருந்து அவன் குரல் வரும். "எம்பத்தி ரெண்டு." அடுத்த மணி. "எம்பத்தி ஆறு." அடுத்தது. "தொண்ணூறு!" நான் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். "எம்பத்தி எட்டு." மறுபடி உருட்டுவேன். எனக்காகத்தான் சத்தமாகச் சொன்னானா, அவனுக்கே சொல்லிக்கொண்டானா, தெரியாது. கேட்கவும் இல்லை.

செபமாலையின் நான்காவது பத்தில் அவன் குரல் நின்றது. அணைந்துவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடினேன். அணையவில்லை. கணக்கு முடிந்து, கடலடிப் படம் முழுசாகத் திரையில் நின்றது, பச்சையும் நீலமுமாக. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

"போயிருச்சா?"

"இனிமேதான் அனுப்பணும். தள்ளி நில்லுங்க. காத்தை மறைக்கிய."

இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டான். மறுநாள் காலையில் கான்டிராக்ட்காரர் போன் பண்ணி, அடுத்த அளவும் உனக்குத்தான் என்றார். அந்தப் போனை வைத்த கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தான். மேசையின் மேல் மாதா. முன்னால் நான் விரித்த வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் பூச்சாடி.

"மைனி, அது என் மேசை."

"மேசை ஒன்னுதுதான். மூலை மாதாவுது. ஒன் மிஷினுக்குக் காத்து நடையிலதான்னு ஒங்க அண்ணாச்சியே சொல்லிட்டாருல்லா."

"ஃபேனைக் கொன்னு எடத்தைப் புடிச்சிட்டிய, என்னா?"

நான் பூச்சாடியை நேராக்கி வைத்தேன். இந்தக் கேள்வியை மாதாவே கேட்டாலும் என்ன சொல்வேன் என்று தெரியாது. அவன் ஒரு தடவை முறைத்தான். பிறகு நாற்காலியை மட்டும் இழுத்துக்கொண்டு நடைக்குப் போய்விட்டான். புது ஃபேன் வந்து மாட்டிய பிறகும் அங்கேதான் இருக்கிறான். எனக்கு அடுப்படியிலிருந்து பின்வாசலுக்குப் போக வழியில்லை. தினமும் அவன் நாற்காலியில் இடித்துக்கொண்டுதான் போகிறேன், அவனும் தினமும் ஏதாவது சொல்கிறான். இப்போது நேராகவே சண்டை போடுகிறோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு ஷிப்டு மிச்சம்.

அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சத்தியம் பண்ணியதைச் சொன்னேன். தெரியாமல்தானே செய்தாய் என்று சாமியார் கேட்டார். ஆமாம் என்றேன். அது முழு உண்மை இல்லை. அந்தப் புகையில் பாதி வேண்டுதல், பாதி வீம்பு. எந்தப் பாதி உள்ளே போய் அடைத்தது என்று எனக்கே தெரியாதபோது, கெடுதல் இல்லை என்று எப்படிக் கை வைத்தேன்? அதைச் சொல்லவில்லை. மூலை திரும்பக் கிடைத்ததில் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் போன பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன். சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் பார்க்கிறேன், போகவில்லை.